முதல் லென்ஸ்: உங்களுக்குக் குறைவது தூரமா, வெளிச்சமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். ரவிக்கைகளும் பரதநாட்டிய உடைகளும் தைத்துக் கொடுக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அவருடைய தம்பி, தான் பயன்படுத்திய கேனான் ஆர்50 கேமராவைத் தீபாவளிப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். லென்ஸ் இல்லாமல் வெறும் கேமரா மட்டும். அன்றிலிருந்து அது அலமாரியில் துணிக்குள் சுற்றப்பட்டுக் கிடக்கிறது, எந்த லென்ஸ் வாங்குவது என்று முடிவெடுக்க அவரால் முடியவில்லை.

யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. அண்ணன் மகன், "50 எஃப் 1.8 வாங்குங்கள் அத்தை, தொழில்முறைக் கலைஞர்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்கிறான். கடைக்காரர் 18-150 ஜூமைக் காட்டி, இது ஒன்றே போதும் என்கிறார். லே-பை முறையில், அதாவது லென்ஸைக் கடையிலேயே ஒதுக்கிவைத்துவிட்டுத் தவணையாகப் பணம் கட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஜூலை விடுமுறையில் ஹ்லுஹ்லுவே சரணாலயத்துக்குப் போகும் திட்டம் இருப்பதால், கணவர் "சிங்கம் தெரிகிற லென்ஸாக வாங்கு" என்கிறார். உறவினர் ஒருவர் தம்மிடம் உள்ள பழைய கேனான் 55-250 லென்ஸைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும், அதே நிறுவனம் என்பதால் அப்படியே பொருந்தும் என்றும் சொல்கிறார். இணையத்தில் ஒரு விற்பனையாளர் கடையை விடக் குறைந்த விலைக்கு இறக்குமதி லென்ஸ் தருகிறார். கையில் இருப்பது தையலில் சேர்த்த 14,000 ராண்ட். "பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளில் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லவா?" என்றும் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "எனக்கு வேண்டியது என் அம்மா, என் மகளின் நடனம், கோயில் விழாக்கள், மற்றதெல்லாம் பிறகுதான்."

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு யோசனை சொன்ன நால்வரும் லென்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நீங்கள் எதை, எங்கே, எந்த நேரத்தில் படமெடுப்பீர்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் முதல் லென்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது.

உங்கள் அம்மாவுக்கு 81 வயது என்றும், பிள்ளைகள் "ஆயா" என்று கூப்பிட்டபடி எந்நேரமும் அவரைச் சுற்றியே இருப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஒன்றாக உட்காருவது மாலையில், கூடத்தில், குழல்விளக்கின் கீழே. ஜூன், ஜூலையில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. மகள் ஆடுவது மண்டபத்து மேடையில். புரட்டாசி சனிக்கிழமைப் பூஜை, கார்த்திகை விளக்கு, கல்யாணங்கள் எல்லாமே கூரையின் கீழ் நடப்பவை. காவடி மட்டும் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தெருவில் வருகிறது. கோயிலுக்குள் நுழைந்ததும் அங்கேயும் இருட்டுதான். இவற்றில் மேடையைத் தவிர எதுவும் உங்களிடமிருந்து சில அடிகளுக்கு அப்பால் நடக்கவில்லை. ஆக, உங்களுக்குக் குறைவது வெளிச்சம். தூரத்தைப் பற்றிய கவலை ஆண்டுக்கு ஒரு முறை, ஹ்லுஹ்லுவே போகும்போது வருகிறது.

அதனால் என் பதில்: சிக்மா நிறுவனத்தின் 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். கேனானின் ஆர்எஃப் பொருத்துவாய்க்காக, அதாவது உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்துக்காக, 2024-இல் வந்தது; உங்கள் கேமராவில் நேரடியாகப் பொருந்தும். எடை 300 கிராம் அளவுதான். கணவர் கேட்கும் சிங்கத்துக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

லென்ஸின் மேல் இருக்கும் இரண்டு எண்கள்

கடிதத்தில் "பெரிய எண் உள்ள லென்ஸ்தான் தரமானது" என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. மி.மீ. என்ற எண், லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. எண் சிறிதானால் கூடம் முழுவதும் படத்துக்குள் வரும். பெரிதானால் தூரத்தில் இருப்பது அருகில் வரும். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஃப் என்று வரும் எண்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதை அது சொல்கிறது. இதில் எண் சிறிதாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம். எஃப் 6.3-ஐ விட எஃப் 2.8 ஏறத்தாழ ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மண்டபத்தில் இது என்ன செய்யும் என்று பாருங்கள். சாதாரணமான மேடை விளக்கில், ஆடுகிற பிள்ளையை அசைவில்லாமல் பிடிக்க ஷட்டர் வேகம் 1/250 வேண்டும், அதாவது ஷட்டர் ஒரு வினாடியில் 250-இல் ஒரு பங்கு நேரமே திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2.8-இல் அதற்கு ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவு, 3200 போதுமானால், எஃப் 6.3-இல் 16,000 தேவைப்படும். 3200-இல் உங்கள் கேமரா நல்ல படம் தரும். 16,000-இல் முகத்தில் பொடி தூவியது போல் புள்ளிகள் வரும், நீங்கள் தைத்த ஜரிகை குழம்பிப் போகும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய கேமராவானாலும் லென்ஸ் உள்ளே விடாத வெளிச்சத்தை உருவாக்க முடியாது.

மருமகன் சொல்லும் 50

அந்தப் பிள்ளை தவறான லென்ஸைச் சொல்லவில்லை. 50 எஃப் 1.8 ஜூம் இல்லாத, மிக நல்ல லென்ஸ், 160 கிராம்தான், நீங்கள் யோசிக்கும் புதிய லென்ஸ்களில் எல்லாவற்றிலும் மலிவு. எஃப் 2.8-ஐ விட அது இரண்டரை மடங்குக்கு நெருக்கமான வெளிச்சம் தருகிறது. ஆனால் அவன் கேட்டறிந்த புகழெல்லாம் பெரிய சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, கொண்ட கேமராக்களில் கிடைத்த புகழ். உங்கள் ஆர்50-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார். கேனானில் அது காட்சியை 1.6 மடங்கு குறுக்கிவிடுகிறது. பெரிய சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ் காட்டுவதைத்தான் உங்கள் கேமராவில் 50 காட்டும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி நின்று 50-இல் எடுத்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 1.3 மீட்டர். இரண்டு பேர் தோளோடு தோள் உட்காரலாம், மூன்றாவது ஆளின் கை வெட்டுப்படும். அதே இடத்தில் சிக்மாவை 18-க்குத் திருப்பினால் 3.7 மீட்டர் அகலம் வரும். ஆயாவும், சோபாவும், சோபாவின் கையில் ஏறி உட்கார்ந்திருக்கும் சின்னவனும் எல்லாரும் உள்ளே. சாட்ஸ்வொர்த் வீடுகளின் கூடத்தில் பின்னால் நகர எவ்வளவு இடம் இருக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதுகு சுவரில் முட்டிய பிறகு 50-ஐ வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை.

அதனால் அதை இரண்டாவது லென்ஸாக வைத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆண்டு கழித்து. ஆயாவின் முகத்தை மட்டும், ஜன்னலோரம் உட்காரவைத்து, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோக எடுக்க வேண்டும் என்று தோன்றும் நாளில் அதை வாங்கலாம். அப்போது உங்களுக்கே தெரியும் எதற்காக வாங்குகிறோம் என்று.

கடைக்காரர் சொல்லும் 18-150

இதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். கேனானின் ஆர்எஃப்-எஸ் 18-150 எஃப் 3.5-6.3 பகல் வெளிச்சத்தில் பிரமாதமாக வேலை செய்கிறது. 310 கிராமுக்குள் கூட்டத்தையும் பிடிக்கலாம், கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சுதையையும் பிடிக்கலாம். பயணம் அதிகம் செய்பவர், கடற்கரையிலும் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைகளைப் படமெடுப்பவர் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். வீடியோதான் முக்கியம் என்றாலும் இதுவே, ஏனென்றால் இதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. சிக்மாவில் அது இல்லை, உங்கள் கேமராவுக்குள்ளும் வீடியோவுக்கான மின்னணு முறையைத் தவிர வேறு இல்லை.

உங்களுக்கு இது பொருந்தாததற்குக் காரணம் அந்த 6.3. தொடக்கத்தில் 3.5 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். 18-இல் மட்டும்தான் அது. ஜூம் செய்யச் செய்ய வாய் சுருங்கிக்கொண்டே போகிறது, மேடையை நோக்கி நீட்டும்போது 6.3-இல் வந்து நிற்கிறது. உங்களுக்குப் புரியும்படி சொன்னால், எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்று விற்கும் ஆயத்த ரவிக்கை அது. தோளுக்குப் பொருந்தும், இடுப்புக்கும் பொருந்தும், கையைத் தூக்கி ஆட வேண்டியவளுக்குத்தான் அக்குளில் இறுக்கும்.

கடைக்காரர் உங்களிடம் "நடுக்கம் நீக்கும் வசதி இருப்பதால் நடனப் படம் கலங்காது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்தியாக வேண்டும். அந்த வசதி உங்கள் கை ஆடுவதைத்தான் ஈடுசெய்கிறது. மகளின் கை ஆடுவதை அது தடுக்காது. 1/30 வேகத்தில் எடுத்தால் பின்னால் இருக்கும் நடராஜர் சிலை கூர்மையாக இருக்கும், முன்னால் தட்டடவு ஆடும் பிள்ளையின் பாதம் பனிமூட்டமாக இருக்கும். ஆடுபவரை நிறுத்துவது ஷட்டர் வேகம். ஷட்டர் வேகத்துக்கு வேண்டியது வெளிச்சம்.

என் யோசனையில் உள்ள குறைகள்

சிக்மா 18-50 எடுத்தால் நீங்கள் இழப்பது இரண்டு. ஒன்று, மேலே சொன்ன நடுக்க நீக்கம். அசையாத பொருளை மங்கிய ஒளியில் எடுக்கும்போது அது இல்லாதது தெரியும். ஷட்டரை 1/100-க்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான படங்கள் தப்பும்.

மற்றொன்று தூரம். 50-இல் முடிந்துவிடுகிறது. இது மேடைக்குப் போதுமா என்று கேட்பீர்கள். எட்டு மீட்டர் தள்ளி, அதாவது முன்வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து, கேமராவை நெட்டாகப் பிடித்தால் படத்தின் உயரத்தில் மூன்றரை மீட்டர் அடங்கும். ஐந்தடிப் பெண் அதில் நாற்பது சதவீத உயரம் நிற்பாள். சிறியதுதான். ஆனால் உங்கள் கேமரா 24 மெகாபிக்சல். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டிவிட்டாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சுகிறது; ஏ4 அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்ட அது போதும். வெட்டிய பிறகு மகள் படத்தை நிறைத்து நிற்பாள். பின்வரிசையில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நடன ஆசிரியைக்கு உடை தைத்துக் கொடுப்பவர் நீங்கள். முன்னால் ஓர் இடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பிறகு பெரிய சென்சார் கேமரா வாங்கினால் இந்த லென்ஸ் முழுமையாகப் பயன்படாதே என்று யாராவது பயமுறுத்தக்கூடும். உண்மைதான், இது சிறிய சென்சாருக்காகச் செய்யப்பட்டது. வராத கேமராவுக்காக இன்றைக்குக் கனமான, விலை கூடிய லென்ஸை வாங்குவது வீண். அப்படி ஒரு நாள் வந்தால் இதை விற்றுவிடலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை

என் பேச்சையும் அப்படியே நம்பவேண்டாம். உங்கள் கைபேசியில் கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைத் திறந்து, உங்களுக்கு ஏமாற்றம் தந்தவற்றை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். எட்டாத தூரத்தில் இருந்ததால் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் கெட்டுப்போனவை ஒரு பக்கம். இருட்டிலும் அசைவிலும் கலங்கியவை ஒரு பக்கம். இடம் போதாமல் ஓரத்தில் ஆள் வெட்டுப்பட்டவை ஒரு பக்கம். முதல் குவியல்தான் பெரியது என்றால் நான் உங்கள் வாழ்க்கையைத் தவறாக ஊகித்திருக்கிறேன், 18-150 வாங்குங்கள். மற்ற இரண்டும் பெரியதாக இருந்தால் 18-50. வேறு யாருடைய யோசனையையும் விட அந்தப் படங்கள் நம்பகமானவை.

ஹ்லுஹ்லுவேயும் சிங்கமும்

ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி 1895-லேயே காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம்; அழிவின் விளிம்பில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது அங்கேதான். ஜூலையில் புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். கணவர் அங்கே நல்ல படம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு 18-150-உம் போதாது. சாலையோரம் நிற்கும் யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் சரி. மரத்தடியில் படுத்திருக்கும் சிங்கம் அதில் புல்லுக்குள் ஒரு பழுப்புப் புள்ளியாகத்தான் விழும்.

இங்கேதான் உறவினரின் 55-250 உதவும். விலைக்கு வாங்காதீர்கள், அந்தப் பயணத்துக்கு மட்டும் இரவல் கேளுங்கள். 55-இல் தொடங்குவதால் வீட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, முதல் லென்ஸாக அது கூடாது. மேலும் அது "அப்படியே பொருந்தும்" என்பது சரியல்ல. பழைய இஎஃப்-எஸ் வகை லென்ஸ் அது. உங்கள் புதிய ஆர்எஃப் பொருத்துவாயில் சேர, கேனானின் இஎஃப்–இஓஎஸ் ஆர் அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் நடுவில் வேண்டும். அடாப்டர் போட்டால் தானியங்கி ஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். 250 என்பது உங்கள் கேமராவில் 400-க்குச் சமமான பார்வை. காரின் ஜன்னலிலிருந்து எடுக்க நல்ல தூரம். அடாப்டர் விலை கட்டுப்படியாகாவிட்டால், கேனானின் ஆர்எஃப் 100-400 லென்ஸை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். பள்ளி விடுமுறையில் கேட்பவர்கள் அதிகம். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், முன்பணமும் கேட்பார்கள்.

கடையில் உங்கள் உரிமை என்ன

நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் லென்ஸ் வாங்கி விற்றே இத்தனை ஆண்டுகள் போனதால், தென்னாப்பிரிக்காவில் வாங்குபவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பது பழக்கம்.

ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீங்கள் நம்புவது பாதிதான் சரி. இணையத்தில் வாங்கினால் மட்டும், 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. கடைக்கு நேரில் போய், கையில் எடுத்துப் பார்த்து வாங்கிய பொருளை, பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி எடுத்தாக வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் சொல்லவில்லை. கடைக்காரர் எடுத்துக்கொண்டால் அது அவருடைய நல்ல மனம் அல்லது கடையின் விதி. எனவே கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸைப் பொருத்தி, கடையின் இருண்ட மூலையில் நாலு படம் எடுத்து, உங்கள் மெமரி கார்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு மறுநாள் முடிவெடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

பொருளில் குறை இருந்தால் நிலைமை வேறு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. "தள்ளுபடியில் விற்றது, திரும்பப் பெறமாட்டோம்" என்று பலகை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த விலை இறக்குமதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாமல் வேறு வழியில் வந்த சரக்கு என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். விற்றவருடைய பொறுப்பு நீங்காது என்பது உண்மை. விற்றவர் எங்கே இருக்கிறார், ஃபோன் எடுப்பாரா என்பதுதான் கேள்வி. முதல் லென்ஸுக்கு, நேரில் போய் நிற்கக்கூடிய கடையையே நான் விரும்புகிறேன். விலையில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தனியாரிடம் பழைய லென்ஸ் வாங்கினால் இந்தச் சட்டத்தின் காவல் அநேகமாக இல்லை. ஃபூட்ஸ்டூட்ஸ், உள்ளது உள்ளபடி என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பணம் கொடுக்கும் முன் டார்ச் விளக்கை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அது பூஞ்சை. தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

லே-பை முறையில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பொருள் கைக்கு வரும்வரை கட்டிய பணம் சட்டப்படி உங்களுடையதே, கடனும் இல்லை. ஆனால் கடைசித் தவணை முடியும்வரை லென்ஸ் கடையிலேயே இருக்கும். உங்களிடம் 14,000 ராண்ட் இருக்கிறது. அதற்குள் அடங்குவதை இப்போதே வாங்குங்கள். ராண்டின் மதிப்பு மாறும்போதெல்லாம் லென்ஸ் விலையும் மாறுகிறது, ஆகவே குறைந்தது இரண்டு கடைகளில் அன்றைய விலையைக் கேளுங்கள். சிக்மா அந்தத் தொகையைத் தாண்டினால் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். பலர் கேமராவோடு வந்த 18-45 சிறிய லென்ஸைப் பயன்படுத்தாமலே விற்றுவிடுகிறார்கள். பழையதாக அதை வாங்கி, மருமகன் சொன்ன 50-ஐப் புதிதாகச் சேர்த்தால் செலவு குறையலாம். பகலுக்கும் கூட்டத்துக்கும் ஒன்று, இருட்டுக்கும் மேடைக்கும் ஒன்று. இந்த வழியில் எனக்கு இருக்கும் தயக்கம், காவடிக் கூட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றுவது. உங்களுடையது போன்ற மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்து கிடக்கும்; விபூதியும் கற்பூரப் புகையும் பறக்கும் இடத்தில் அதைத் திறக்கக் கூடாது.

டர்பன் காற்று

கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். நம் கடலோர ஈரக்காற்றில், இருட்டில், துணியோ தோலோ சுற்றி வைத்தால் பூஞ்சை பிடிக்க வேறு எதுவும் தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், அவ்வளவுதான் செலவு. வாரம் ஒரு முறையாவது கேமரா டப்பாவை விட்டு வெளியே வரட்டும். கடற்கரைக்குப் போய்வந்தால் உப்பு படிந்திருக்கும், மென்மையான துணியை லேசாக நனைத்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு வைத்திருந்தால், கேமராவும் லென்ஸும் வெளியே எடுத்துச் செல்லும் பொருள்கள் பட்டியலில் வரிசை எண்ணோடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். சேர்க்காமல் விட்டால் வீட்டுக்கு வெளியே திருடுபோனதற்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

கோயிலில்

கருவறையைப் படமெடுக்காதீர்கள், அனுமதித்தாலும் வேண்டாம் என்பது என் எண்ணம். வேல் குத்தி, அருள் வந்து வரும் பக்தரை நெருங்கும் முன் அவரோடு வரும் குடும்பத்தாரைப் பார்த்து ஒரு தலையசைப்பாவது கேளுங்கள். உங்கள் கேமராவில் ஃபிளாஷ் உண்டு, அதைத் திறக்கவே வேண்டாம். எஃப் 2.8 வாங்குவதில் எனக்குப் பிடித்த லாபம் இதுதான். யாருடைய வழிபாட்டையும் கலைக்காமல் ஓரமாக நின்று எடுக்க முடிகிறது. கிளேர்வுட் கோயில் காவடியில் வெயிலில் நிற்கும்போது 18-இலிருந்து 35 வரைதான் அதிகம் பயன்படும், கூட்டம் அவ்வளவு நெருங்கி வரும்.

மகளின் நிகழ்ச்சி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. தேதி எதுவானாலும், அதற்கு முந்தைய ஒத்திகைக்கு வருவதற்கு ஆசிரியையிடம் இப்போதே கேட்டுவையுங்கள். உடை சரிபார்க்க எப்படியும் நீங்கள் போகத்தான் வேண்டும். நிகழ்ச்சி நாளில் மேடைக்கு அருகே நடமாட விடமாட்டார்கள், ஒத்திகையில் விடுவார்கள். ஷட்டரை முதன்மையாக வைத்து எடுக்கும் டிவி (Tv) என்ற முறைக்குக் கேமராவைத் திருப்பி, வேகத்தை 1/250-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, அவள் அரைமண்டியில் அமரும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். முகம் சரியாகவும் விரல்கள் கலங்கியும் வந்தால் 1/500-க்கு ஏற்றுங்கள். படம் புள்ளி விழுந்து வந்தால், அவள் நின்று அபிநயம் பிடிக்கும் இடங்களில் 1/125-க்கு இறக்குங்கள். எந்தப் பாடலில் எந்த வேகம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் நிகழ்ச்சி நாளில் கேமராவோடு போராடாமல் மகளைப் பார்க்கலாம்.